குணத்துக்காக வெட்டிய கார்

பிள்ளைகளே, போன கிழமை என்னை உங்கள் வேலைத்தலத்துக்குக் கூப்பிட்டு, தேநீரும் தந்து, நீங்கள் செய்துகொண்டிருக்கும் காரைச் சுற்றிக் காட்டினீர்கள். அதன் கதவு வழக்கத்துக்கு மாறாகப் பின்பக்கக் கீலில் திறந்தது. "ஐயா, இது உங்கட ஸ்டைல்தானே?" என்று உங்களில் ஒருவர் பெருமையோடு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று அப்போது சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

வெல்டிங் பிடிப்பதிலும் பெயின்ற் அடிப்பதிலும் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அந்தக் கதவு எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். இந்தத் தொழிலில் நான் கற்றது பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

நான் பிறந்தது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில். தோட்டத்து லொறிக் கொட்டகையில் வேலை பழகினேன். துரை பங்களாவில் வேண்டாமென்று எறிந்த ஆங்கிலச் சஞ்சிகை ஒன்று எப்படியோ என் கைக்கு வந்தது. அதில் வெளிநாட்டில் பழைய கார்களை வெட்டி, தாழ்த்தி, பெரிய இயந்திரம் பூட்டி, ஆளுக்கொரு விதமாகச் செய்திருந்த படங்கள். எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. படங்களைப் பார்த்துப் பார்த்துத் தாள் கிழிந்தது. ஒரு தொழிற்சாலை எல்லோருக்குமாகச் செய்த வண்டியை ஒருவன் தனக்கென்று மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றாத விஷயம்.

தமிழருக்கு எதிரான எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீடு எரிந்தது. நானும் மனைவி ராசாத்தியும் உடுத்த துணியோடு வடக்கே வன்னிக்கு வந்தோம். கிளிநொச்சியில் கண்டி வீதியோரமாக இருந்த ஒரு கராஜில் வேலை கிடைத்தது. உழவு இயந்திரம் திருத்துவதுதான் அங்கே முக்கிய வேலை. நான் மலைநாட்டுப் பேச்சில் "ஆமாங்க" என்று சொன்னால் சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். "ஓம் எண்டு சொல்லு முத்து" என்பார்கள். சிரித்தவர்களே பிறகு தங்கள் பழைய கார்களைக் கொண்டுவந்து, இதை இப்படி வெட்டித் தருவாயா, அப்படித் தாழ்த்தித் தருவாயா என்று கேட்கத் தொடங்கினார்கள். சில வருடங்களில் ஊருக்குள் என் பெயர் 'வெட்டு முத்து' ஆகிவிட்டது. ராசாத்தி தையல் மெஷினில் இருக்கைகளுக்கு உறை தைத்தாள். நான் வெட்டிய கார்களில் எல்லாம் பாதி அவளுடைய வேலை.

ஒருநாள் காலையில் வட்டக்கச்சியிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்து இறங்கினார். பெயர் பவளம்.

"அண்ணை, எங்கட ஆள் உங்களோட கதைக்கோணுமாம். அவர் வரேலாது. நீங்கள் ஒருக்கா வருவியளோ?"

அவருடைய கணவர் குணத்தை எனக்குக் கேள்வியில் தெரியும். கொழும்புக்கு நெல் லொறி ஓடியவர். பாரம் ஏற்றிய லொறியைக் கையில் தண்ணீர்ச் செம்பு வைத்திருப்பதுபோல் கொண்டுபோவார் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். ஒரு அறுவடைக் காலத்தில் மைத்துனரின் உழவு இயந்திரத்தை வயல் வரம்பில் ஏற்றும்போது அது புரண்டு அவர்மேல் விழுந்தது. உயிர் தப்பியது. நெஞ்சுக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

நான் போனபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த, உருட்டிக்கொண்டு போகும் சில்லுக் கதிரையில் இருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கைகள் மட்டும் மரம் இழுப்பவனுடையதைப் போல உருண்டு திரண்டிருந்தன. முற்றத்து மூலையில் ஒரு மொறிஸ் மைனர் கார் துருவேறி நின்றது. அதற்குள் கோழிகள் அடைகிடந்தன.

"அது பெரியப்பான்ர. எனக்குத் தந்திட்டார். அதை நான் ஓடோணும் முத்தண்ணை."

"ஓடலாம் தம்பி. கைக்கே எல்லாத்தையும் கொண்டாந்துடலாம்."

"அது மட்டும் காணாது." அவர் என்னை நேராகப் பார்த்தார். "ஊனக்காரன்ர வண்டி வருகுதெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. நான் சந்தைக்குப் போனா சனம் என்ர காலைப் பாக்குது. கார் வந்தா காரைப் பாக்கோணும். நீங்கள் பொடியங்களுக்கு வெட்டிக் குடுக்கிறியளே, அதையெல்லாம் விட வடிவா இருக்கோணும்."

கதவுக்குப் பின்னால் நின்ற பவளம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரெண்டு வருசத்தில இண்டைக்குத்தான் இவ்வளவு கதைச்சிருக்கிறார்."

கோழிகளைத் துரத்திவிட்டுக் காரை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தோம்.

அந்தக் காரைப் போல நான் ரசித்துச் செய்த வேலை வேறு இல்லை. கதிரையிலிருந்து இருக்கைக்கு அவர் கையை ஊன்றி நகர வேண்டும். ஆகவே இருக்கையைக் கதிரையின் உயரத்துக்குத் தாழ்த்தினேன். அதற்காக முழுக் காரும் தாழ்ந்தது. கதிரையை மடித்துத் தன் தலைக்கு மேலால் தூக்கி மறுபக்கம் வைக்க வேண்டும். ஆகவே கூரையை முழுவதும் வெட்டி எடுத்தேன். மழைக்கு மூட ராசாத்தி கான்வஸில் ஒரு மூடி தைத்தாள். கதவு வழக்கம்போல் முன்பக்கக் கீலில் திறந்தால் கதிரையின் கால்தட்டு அதில் இடித்தது. கதிரை இருக்கைக்குப் பக்கத்தில் வரவில்லை. ஆகவே கீலைப் பின்பக்கம் மாற்றினேன். ஊர்ப் பொடியன்கள் பிறகு ஸ்டைல் என்று சொன்னது இதைத்தான். தாழ்ந்த உடம்பு, இல்லாத கூரை, மாறித் திறக்கும் கதவு என்று அழகுக்குச் செய்ததாக அவர்கள் நினைத்த ஒவ்வொன்றும் ஒரு மனிதர் கதிரையிலிருந்து இருக்கைக்கு நகர்வதற்காக வந்தது.

நிறத்தைக் குணமே சொன்னார். கிளிப்பச்சை. "தூரத்தில வரேக்கயே தெரியோணும்."

கிளச், பிரேக், அக்சிலேற்றர் எல்லாவற்றையும் கைக்குக் கொண்டுவந்தேன். என் கால்கள் இரண்டையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிக்கொண்டு பரந்தன் வரை ஓடிப் பார்த்தேன். திரும்பி வந்தேன். ஒரு குறையும் இல்லை. நல்ல நாள் பார்க்கச் சொல்லி வட்டக்கச்சிக்கு ஆள் அனுப்பினேன்.

காரை ஒப்படைக்கும் நாளில் கராஜுக்கு முன்னால் கலியாண வீடு போலக் கூட்டம். குணத்தின் உறவுக்காரர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து இறங்கினார்கள். அவரோடு ஓடிய லொறிக்காரர்கள் வீதியோரம் லொறிகளை வரிசையாக நிறுத்தி ஹோர்ன் அடித்தார்கள். சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பிள்ளையார் கோயில் ஐயர் பூ வைத்துவிட்டார். குணம் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, யாரும் தொடாமல், தானே கதிரையிலிருந்து இருக்கைக்கு நகர்ந்தார். கூட்டம் கைதட்டியது. அவர் ஸ்ரியறிங்கைத் தடவினார். முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

ராசாத்தி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"என்னங்க, ஓட விடாதீங்க."

"என்னடி சொல்ற?"

"அளவெடுக்கப் போனப்பல்லாம் பாத்தேன். அந்தத் தம்பி எதையாச்சும் எட்டி எடுத்தா மத்தக் கையால கதிரையப் புடிச்சிக்கிது. ரெண்டு கையையும் விட்டுட்டு உக்காந்து நான் பாத்ததே இல்ல. இப்பத்தான் எனக்கு ஒறைச்சிது. வண்டியில ரெண்டு கைக்கும் வேல இருக்கே, எதப் புடிச்சிக்கும்?"

காலைக் கட்டிக்கொண்டு ஓடினேனே தவிர, என் இடுப்பைக் கட்டவில்லை. தொடையும் வயிறும் என்னைப் பிடித்து வைத்திருந்தன. பிரேக்கைத் தள்ளினால் நான் அசையமாட்டேன். குணம் அப்படியே ஸ்ரியறிங்மேல் விழுவார். அதுவும் இந்தக் கூட்டத்தின் நடுவில், லொறிகள் ஓடும் கண்டி வீதியில்.

இந்த மாதிரி நேரத்தில் யோசிக்கக் கிடைப்பது ஒரு மூச்சு இழுக்கும் அவகாசம்தான். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. லொறிக்காரர்கள் "எடு குணம், எடு!" என்று கத்தினார்கள். 'நீங்கள் விழுந்துவிடுவீர்கள்' என்று அத்தனை பேருக்கு முன்னால் அந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது?

நான் குனிந்து முன் சில்லுக்குக் கீழே கையை விட்டேன். கிறீஸ் படிந்த விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"மன்னிக்கணும். பிரேக் எண்ணெய் ஒழுகுது. என் வேலைதான் பிழை. இன்னைக்கு ஓட முடியாது."

கூட்டத்தில் முணுமுணுப்பு. "வெட்டத் தெரியும், பூட்டத் தெரியாது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று நின்றேன். வடையும் தேநீரும் முடிய ஆட்கள் கலைந்தார்கள். லொறிகளும் போயின. குணம் மட்டும் காரை விட்டு இறங்கவில்லை.

கராஜ் அடங்கியதும் கேட்டார்: "எண்ணெய் எங்க ஒழுகுது?"

நான் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"முத்தண்ணை, நான் எத்தினை வருசம் லொறி ஓடினனான். பிரேக் எண்ணெயின்ர மணம் எனக்குத் தெரியாதோ? நீங்கள் காட்டினது கிறீஸ். கார் பிழையெண்டா கார் பிழையெண்டு சொல்லுங்கோ. நான் பிழையெண்டா அதை எனக்குச் சொல்லுங்கோ. குழந்தைப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிப் பொய் சொல்லாதேங்கோ."

ராசாத்திதான் காருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு கையையும் ஒரு தரம் மேல தூக்குங்க."

அவர் அவளை முறைத்தார். பிறகு கைகளைத் தூக்கினார். உடம்பு மெல்ல ஆடியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து கதவில் தோள் இடித்தது. பவளம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குணம் கையை ஊன்றி நிமிர்ந்தார்.

"இதை ஏன் என்னட்டை முதலே கேக்கேல்லை?"

"நான் காலைக் கட்டிக்கிட்டு ஓடிப் பாத்தேன் தம்பி."

"நீங்கள் ஓடிப் பாத்தியள். கார் எனக்கெல்லோ?" கோபம் போய் அவர் குரலில் ஓட்டுநர் வந்துவிட்டார். "லொறியில சாமானைக் கட்டாமல் ஓடுவமோ? முதல் வளைவிலயே சரிஞ்சுபோம். என்னையும் கட்டுங்கோ. பேந்து பாப்பம்."

பிள்ளைகளே, அந்த நாளை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கூட்டத்துக்கு நான் சொன்ன பொய்யை இன்றைக்கும் சொல்வேன். ஒருவர் வெட்கப்படாமல் இருக்க நம் பெயர் கெட்டால் பரவாயில்லை. ஆனால் அதே பொய்யை அவருக்கும் சேர்த்துச் சொல்லியிருந்தேனே, அது கூடாது. கூட்டம் போன உடனேயே நானாகப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருந்தது இரக்கம் என்று நினைத்தேன். அவருக்கு அது அவமானம்.

அடுத்த நாளிலிருந்து குணம் கராஜுக்கு வரத் தொடங்கினார். உறவுக்காரர் ஒருவர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவந்து இறக்கிவிடுவார். நான் ஒரு வழி சொல்வேன்; அவர் வேண்டாமென்பார். பிரேக் கைப்பிடி என் நெஞ்சுயரத்தில் இருந்தது; அதைத் தொடைக்குப் பக்கத்தில் இறக்கச் சொன்னார். அங்கே இருந்தால் அதைத் தள்ளும்போது முழங்கை இருக்கையில் ஊன்றி உடம்பைத் தாங்கும். அது எனக்கு ஒருகாலமும் தோன்றியிருக்காது. ராசாத்தி இருக்கையைப் பிரித்து, இரண்டு விலாவையும் அணைக்கிற மாதிரிச் சிறகுகள் வைத்துத் தைத்தாள். நெஞ்சுக்குக் குறுக்கே லொறிப் பாரம் கட்டும் பட்டியில் ஒரு வார் செய்தோம். குணம் அதில் இருந்து பார்ப்பார், இறுக்கம் என்பார். அவள் பிரிப்பாள். திரும்ப இருப்பார்; தளர்வு என்பார்.

"ஒங்க தம்பி கலியாணச் சட்டைக்குக்கூட இவ்வளவு அளவு பாத்திருக்க மாட்டாரு" என்றாள் ராசாத்தி பவளத்திடம். பவளம் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். "எனக்குத் தம்பியில்லை அக்கா, புருசன்" என்றார். குணமும் சிரித்தார்.

இரண்டாம் முறை நல்ல நாளும் பார்க்கவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. வட்டக்கச்சியில் வாய்க்கால் ஓரத்து வீதிக்குக் காரைக் கொண்டுபோனோம். விடிந்து வெயில் ஏறாத நேரம். நான் பின் இருக்கையில் இருந்தேன். குணம் வாரை இழுத்துப் பூட்டினார். இயந்திரம் பிடித்தது. முதலில் நடக்கிற வேகம். பிறகு சைக்கிள் வேகம். பிறகு என் தலைமயிர் பறந்தது.

"மெதுவா தம்பி!"

"இது மெதுவாத்தான் முத்தண்ணை."

சொல்லி வாய் மூடவில்லை, வாய்க்காலுக்குள் கிடந்த எருமை ஒன்று சேறு வழிய வீதிக்கு ஏறியது. வலப்பக்கம் தண்ணீர். இடப்பக்கம் வயல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கார் உறுமி, வழுக்கி, நின்றது. கண்ணைத் திறந்தபோது எருமையின் மூச்சு பச்சைப் பெயின்றில் படிந்துகொண்டிருந்தது. குணம் இருக்கையில் நிமிர்ந்தபடியே இருந்தார். ஒரு கை ஸ்ரியறிங்கில், ஒரு கை பிரேக்கில். உடம்பு அசையவில்லை.

எருமை யோசித்து யோசித்து விலகியது. குணத்தின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அழவும் செய்தார்.

வீட்டுப் படலையில் நிறுத்திவிட்டு, "முத்தண்ணை, நீங்கள் இறங்குங்கோ" என்றார்.

இறங்கினேன். கதவைச் சாத்தச் சொல்லும் முன்பே கதவில் கட்டியிருந்த வாரை இழுத்து அவரே சாத்திக்கொண்டார். எங்கே என்று ஒரு வார்த்தை சொல்லாமல் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். புழுதிக்குள் அந்தப் பச்சை மறைந்தது.

நான் பதறிப்போய் என் மோட்டார் சைக்கிளை எடுக்க ஓடினேன். கைப்பிடியைப் பவளம் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கோ அண்ணை. போகட்டும்."

"வழியில நின்னு போச்சுன்னா?"

"நிண்டா நிக்கட்டும். ரெண்டு வருசமா நான் இல்லாமல் அவர் ஒரு இடமும் போகேல்லை. தனியப் போகட்டும்." சொன்னவர் பிடியை விடவில்லை.

அன்றைக்கு நான் செய்த நல்ல வேலை சும்மா நின்றதுதான். அதைச் செய்யவும் இன்னொருவர் என்னைப் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. நாம் செய்த வண்டிமேல் நமக்குப் பயம் இருக்கலாம். அந்தப் பயத்தைக் கொண்டுபோய் ஓடுகிறவர் பின்னால் ஓட்டக்கூடாது.

மதியம் போயிற்று. வெயில் சாய்ந்தது. படலையைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது. வயலுக்கு அப்பால் இயந்திரச் சத்தம் கேட்டபோது பவளம் எழும்பவில்லை. கண்களை மட்டும் மூடிக்கொண்டார்.

கார் வந்து நின்றது. பக்கத்தில் மடித்து வைத்திருந்த சில்லுக் கதிரையின் கைப்பிடியில் ஈர்க்கில் கோத்த மீன்கள் தொங்கின.

"இரணைமடுக் குளத்துக்குப் போனனான். வலை இழுக்கிறதைப் பாத்துக்கொண்டிருந்தன். காருக்கே கொண்டுவந்து மீன் தந்தவங்கள்." மனைவியிடம் மீனை நீட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒருத்தனும் காலைப் பாக்கேல்லை முத்தண்ணை. எல்லாரும் காரைச் சுத்திச் சுத்திப் பாத்தாங்கள். கதவு ஏன் இப்பிடித் திறக்குதெண்டு கேட்டாங்கள்."

"என்ன சொன்னீங்க?"

"புது மொடல் எண்டு சொன்னன்."

அதன் பிறகு நடந்ததை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடுத்த மாதமே ஒரு ஆலைக்காரரின் மகன் வந்து, தன் காருக்கும் அந்த 'புது மொடல்' கதவு வேண்டும் என்றான். செய்து கொடுத்தேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் கேட்டார்கள். குணம் தன் காரை வாடகைக்கு ஓடினார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிறவர்களைப் பின் இருக்கையில் ஏற்றினார். பெண் பிறந்த வீடுகளில் ஒன்றிரண்டு பேர் பிள்ளையைப் 'பச்சைக்கிளி' என்று கூப்பிடுவதாகப் பவளம் சொல்லிச் சிரிப்பார். சண்டைக் காலம் வந்ததும் கராஜ் பலமுறை பூட்டித் திறந்தது. குணத்தின் கார் வைக்கோல் போருக்குள் ஒளிந்து கிடந்தது. வீதி திறந்த நாட்களில் தூசு தட்டிக்கொண்டு மறுபடி ஓடியது.

எண்பதுகளின் கடைசியில், அப்படி வீதி திறந்த ஒரு நாளில், பச்சைக் கார் கராஜ் வாசலில் வந்து நின்றது. பின் இருக்கையிலிருந்து ஒரு இளம் ஆசிரியை இறங்கினார். பெயர் யோகேஸ்வரி. பீரங்கிச் செல் விழுந்து வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. சேலைத் தலைப்பால் அதை மூடியிருந்தார்.

எனக்குத் தலைக்குள் வேலை தொடங்கிவிட்டது. இடது கைக்கு ஸ்ரியறிங், காலுக்குக் கியர், கதவுக்கு ஒரு வார். வாயைத் திறக்கப் போனேன்.

"முத்தண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றார் குணம் காருக்குள்ளிருந்தபடியே. "ரீச்சர் சொல்லட்டும்."

யோகேஸ்வரி தயங்கினார். "எனக்குக் கார் வேண்டாம் அண்ணை. ஆர் எனக்குக் கார் தாறது? சைக்கிள் ஒண்டு இருக்கு. முந்தி அதிலதான் பள்ளிக்கூடம் போறனான். இப்ப தம்பி ஏத்திக்கொண்டு போறான். எனக்கு நானே போகோணும்."

காரின் பின்னால் கட்டியிருந்த சைக்கிளை அவிழ்த்து இறக்கினோம். சாதாரணப் பெண்கள் சைக்கிள். வலது பக்கப் பிரேக்கை இடது பக்கம் மாற்றலாம் என்று நான் நினைத்தேன். கைப்பிடியை வளைக்க வேண்டும் என்று ராசாத்தி சொன்னாள். பின்சில்லுக்கு மிதித்து நிறுத்தும் பிரேக் போட்டால் கையே தேவையில்லை என்றேன். அப்போ இறக்கத்துல என்ன பண்ணுவா என்று அவள் கேட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது.

காரின் ஹோர்ன் காதைப் பிளந்தது.

"என்ன ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்று சத்தம் போட்டார் குணம். "முதல்ல ரீச்சரை ஏறச் சொல்லுங்கோ. ஏறினாத்தானே தெரியும்!"

நானும் ராசாத்தியும் வாயை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் விலகி நின்றோம். யோகேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, வீதியை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஏறினார்.